ராகு காலக் கையெழுத்து

எங்கள் வீட்டில் இரண்டு தினசரி காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று கூடத்தில், இன்னொன்று சமையலறை வாசலில். இரண்டையும் காலையில் கிழிப்பது நான்தான். கிழித்த கையோடு நல்ல நேரம், ராகு காலம், அஷ்டமி, நவமி, சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் காபியில் வாய் வைப்பேன். நாற்றங்காலுக்கு விதை விடுவதிலிருந்து பழைய மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுப்பது வரை, நாள் பார்க்காமல் நான் எதையும் செய்தவனில்லை. இதில் எனக்கு வெட்கமும் இருந்ததில்லை. என் அக்காவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாலுகா ஆபீஸில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, துணை தாசில்தாராக ஓய்வு பெற்று, எங்கள் வீட்டிலேயே வாய்க்காலைப் பார்த்த அறையில் இருந்தாள். ஊரில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் அது முதலில் அவளிடம்தான் போகும். பட்டா, சிட்டா, அடங்கல் என்று கையில் மடித்துக்கொண்டு வருவார்கள். அவள் ஒரு தாளை வாசிக்கிற விதமே தனி. கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவாள். கையெழுத்து, தேதி, சாட்சி, முத்திரை, இந்த நாலும் ஒழுங்காக இருந்தால்தான் மேலே என்ன எழுதியிருக்கிறது என்றே பார்ப்பாள். அடியில் தப்பு இருந்தால் முழுத் தாளும் வெறும் காகிதம் என்பது அவள் கட்சி.

ஒரு வைகாசி மாதம், தஞ்சாவூரில் டாக்டர் அவளுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று சொன்னார். கொஞ்சம் வேகமாக வரும் வகை என்றார். அதற்குமுன் ஒரு வருடமாகவே அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவது, ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பது என்றெல்லாம் நடந்துகொண்டிருந்தது. வயசு என்று விட்டுவிட்டோம். டாக்டர் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இப்போது நான் போடுகிற கையெழுத்து செல்லுமா என்று கேட்டாள். செல்லும், தெளிவாகத்தான் இருக்கிறீர்கள், எழுத வேண்டியது எதுவும் இருந்தால் தள்ளிப்போடாமல் எழுதிவிடுங்கள் என்றார் அவர்.

திரும்பி வரும்போது காரில், திருப்பனந்தாள் தாண்டிய பிறகு சொன்னாள், தனக்கு ஒரு பேப்பர் எழுத வேண்டும் என்று. உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்கிற உயில் மாதிரி ஒன்று இருக்கிறதாம். தன்னால் பேச முடியாமல் போகிற நாளில் தனக்கு என்ன வைத்தியம் வேண்டும், என்ன வேண்டாம், தனக்குப் பதிலாக யார் பேசுவார்கள் என்பதையெல்லாம் அதில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டால் கோர்ட்டே ஒத்துக்கொள்ளுமாம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எதற்கு இவ்வளவு பெரிய பேச்சு, எனக்கு ஒரு பவர் பத்திரம் போட்டுக் கொடுத்துவிடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் பக்கத்தில் எல்லா நோய்க்கும் பவர்தான் மருந்து. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் பவர் எழுதிக் கொடுக்காத வீடு ஒன்றுகூடக் கிடையாது. நானே இரண்டு பேருக்கு பவர் ஏஜென்ட். வயலைக் குத்தகைக்கு விடுவது, வீட்டு வரி, கரண்ட் பெயர் மாற்றம் எல்லாம் அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதிக் கொடுத்தவளுக்குப் புத்தி இருக்கிற வரைக்கும்தான்டா பவர். என் புத்தி போற அன்னைக்கே அதுவும் போயிடும். எனக்கு வேணுங்கிறது அதுக்கு அப்பறமும் நிக்கிற பேப்பர்."

நான் நம்பவில்லை. மறுநாளே நல்ல நேரம் பார்த்துப் பத்திரம் எழுதுகிறவரிடம் போய்க் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அக்கா சொன்னது சரிதான், ஆனால் இந்த ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை என்றார். படுக்கையில் நினைவில்லாமல் கிடந்தவர்களின் பவரை வைத்து எத்தனை பேர் எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அக்கா எதற்காக அந்தப் பேப்பரில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் எங்கள் அப்பா பக்கவாதம் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷினில் வைத்தார்கள். மூக்கில் குழாய். இடது பக்கம் அசையவே இல்லை, வலது கை மட்டும் குழாயைத் தேடித் தேடிப் போகும். ஆகவே அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு காடாத் துணி வைத்துக் கட்டினார்கள். நாலாம் நாளே டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இதற்குமேல் திரும்பி வர வழியில்லை, குடும்பத்தில் பேசி ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அக்கா அழுத்திச் சொன்னபோது காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி. அது போனதும் ஏதோ ஒரு கிழமை. அப்புறம் அமாவாசை வருகிறது, அது போகட்டும் என்றேன். எனக்குப் பயம். அப்பாவை அனுப்பு என்று என் வாயால் சொல்லப் பயம். அதற்கு ஒரு காலண்டர் தேவைப்பட்டது. இன்றைக்கு இதை எழுத முடிகிறது. அன்றைக்கு எனக்கு நானே இதை ஒப்புக்கொள்ளவில்லை.

பதினெட்டாம் நாள், அமாவாசை அன்றே, அப்பா கை கட்டிய நிலையிலேயே போய்விட்டார். துணியின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நர்ஸ் கத்தரிக்கோல் எடுக்கப் போனாள். அது வருவதற்குள் அக்கா குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். அப்பாவின் மணிக்கட்டில் வளையல் போட்ட மாதிரி ஒரு தடம் இருந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகவே, தன் கையைக் கட்டக் கூடாது என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் பேப்பர்.

நானும் முடியாது என்று சொல்லவில்லை. செய்வோம் என்றேன். ஆனி பிறந்தது, ஆற்றில் தண்ணீர் வந்தது, குறுவை நடவுக்கு ஆள் பிடிக்கவே நாக்குத் தள்ளியது. நடவு முடியட்டும் என்றேன். முடிந்தால் ஆடி வந்துவிட்டது. ஆடியில் போய் இந்த மாதிரிக் காரியம் செய்வார்களா என்றேன். ஆடியில் விதைக்கிறாயே, அதுக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டாள். அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்டதும் கோபப்பட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். எனக்கு அது கை வந்த கலை. அந்த ஆடியில்தான் ஒரு நாள் மத்தியானம் என் மனைவி, அண்ணிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அக்காவைக் கும்பகோணத்துக்கு அழைத்துக்கொண்டு போய் வந்தாள். புதுக் கண்ணாடி எங்கே என்று நான் கேட்கக்கூட இல்லை.

ஆவணியில் ஒரு கல்யாணம். புரட்டாசியில் மகாளய பட்சம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு வயலும் ரோடும் ஒன்றாகிவிட்டன. அக்கா கேட்பதை நிறுத்தியிருந்தாள். நான் அதை, மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவளுக்கு நிறையவே மறந்துகொண்டுதான் இருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் என் மனைவியைப் பார்த்து, நீங்க எந்த ஊரும்மா என்று கேட்டாள். என் மனைவி தன் பிறந்த ஊரைச் சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போனாள். நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மார்கழி வந்துவிட்டது.

பொங்கல் முடிந்ததும் நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்தேன். தஞ்சாவூரில் ஒரு நோட்டரியிடம் நேரம் கேட்டு வைத்தேன். காலையில் அக்காவுக்குப் பட்டுக்கரைப் புடவை கட்டி, காரில் உட்கார வைத்தாயிற்று. என் மனைவி வாசல்படியில் நின்று, கொஞ்சம் இருங்க, ஒரு விஷயம் சொல்லணும் என்றாள். நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணிதான் இருந்தது. வந்து சொல்லு என்று ஹாரனை அடித்துக்கொண்டே கிளம்பிவிட்டேன்.

நோட்டரி பொறுமையான மனிதர். நாற்காலியை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்களம்மா என்றார். அக்கா பேப்பரை வாங்கி, பழக்கப்படி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். எனக்கு உயிர் வந்தது. வெகு நேரம் பார்த்துவிட்டு, "கிராம கணக்கு ரிப்போர்ட் இல்லாம எப்படிங்க பட்டா மாத்தறது? நாளைக்கு ஜமாபந்தியில குடுங்க" என்றாள்.

அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை, பக்கத்தில் இருப்பது யார். கிழமை தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, மனுக் கொடுக்க வந்தவர் என்றாள். நோட்டரி பேப்பரை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா சார் என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

வீடு வரும் வரை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, எந்த வயல் எந்தப் பட்டாவில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அழுதுகொண்டு ஓட்டினேன். முகூர்த்த நாளாகப் பார்த்துப் பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கைகழுவிவிட்டு வந்தேன் என்று தோன்றியது.

வாசலில் என் மனைவி நின்றாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அக்காவை உள்ளே உட்கார வைத்துவிட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். உள்ளே இரண்டு பக்கத் தாள். முதல் பக்கத்தின் தலையிலேயே முத்திரையும் சாட்சிகளின் பெயர்களும் இருந்தன. தேதி ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்ததற்கு ரசீது வேறு தனியாகப் பின் செய்திருந்தது. ரசீது வாங்காமல் என் அக்கா எந்த அலுவலகத்திலிருந்தும் வெளியே வந்ததில்லை.

கண்ணாடி மாற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன நாள் அது. சாட்சிகளில் ஒருவர் எங்களுக்கு உரம் கொடுக்கிற கடைக்கார பாய். அன்றிலிருந்து ஆறு மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவை அவரைப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை வரவில்லை அவர் வாயிலிருந்து. பிற்பாடு கேட்டபோது, சாட்சி போட வந்தேன், சேதி சொல்ல வரலையே என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மனைவியிடம் கத்தினேன். அவள் அடங்கின குரலில் சொன்னாள். அவனாக என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற அன்றைக்குச் சொல், அதுவரை சொல்லாதே என்று அண்ணி சத்தியம் வாங்கியிருந்தாளாம். இன்றைக்குச் சொல்ல வாயெடுத்தேன், நீங்கதான் ஹாரன் அடிச்சீங்க என்றாள். மத்தியானம் கிளம்பினால் போய்ச் சேர மூன்று ஆகியிருக்கும், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் ராகு காலமாயிற்றே என்று அப்போதும் என் வாய் கேட்டது, பாருங்கள். அண்ணிதான் அந்த நேரம் கேட்டாங்க, ராகு காலத்துல நோட்டரிகிட்ட கூட்டமே இருக்காதுன்னாங்க என்றாள்.

அதற்குள் முதல் பக்கத்தின் அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டேன். எனக்காகப் பேசும் அதிகாரம் பெற்றவர் என்று எழுதி, அதற்கு நேரே என் மனைவியின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. கூடப் பிறந்தவன் நான். அப்பாவுக்குப் பிறகு அவளுக்கு என்னைத் தவிர யார்? தாளை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. நான் மேலிருந்து கீழே வாசிக்கிறவன். பாதியில் கோபம் வந்தால் அத்தோடு நிறுத்திவிடுவேன். மனைவியோடு மூன்று நாள் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

அதற்குப் பின் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தாள். மறு வருடம் கார்த்திகையில் நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியது. அதற்குள் அவள் பேச்சு நின்று, படுக்கையாகி மாதக்கணக்காகியிருந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து கேட்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு இளம் டாக்டர் பெண் எங்களைக் கூப்பிட்டு, மெஷினில் வைத்தால் மூச்சு ஓடும், ஆனால் அதிலிருந்து திரும்பி வர வாய்ப்பில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. மறுநாள் அமாவாசை.

என் மனைவி பையிலிருந்து கவரை எடுத்தாள்.

டாக்டர் பெண் அதை வாங்கிப் பார்த்தாள். இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டாள். சட்டப்படி ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும், அதை இன்னொரு குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் அக்காவைப் பார்த்தார்கள். குழாயில் ஆக்ஸிஜன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அமாவாசை அன்று, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு எங்களை மறுபடி கூப்பிட்டார்கள். எல்லாக் கையெழுத்தும் ஆகிவிட்டது, கடைசியாகக் குடும்பத்துக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுகிறேன் என்று அந்தப் பெண் வாசித்தாள். திரும்ப வழியில்லை என்றால் மூச்சு மெஷின் வேண்டாம். மூக்கில் குழாய் வேண்டாம். வலி தெரியாமலிருக்க மருந்து தரலாம். என் அறைக்கு என்னைக் கொண்டுபோக வேண்டும். என்ன ஆனாலும் என் கையைக் கட்டக் கூடாது.

பக்கத்தைத் திருப்பினாள். கையெழுத்துக்கு மேலே, அக்காவின் கையாலேயே எழுதிய இரண்டு வரி இருந்திருக்கிறது. டாக்டர் பெண் அதை மனசுக்குள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாசிக்கட்டுமா சார் என்றாள். தலையாட்டினேன்.

"என் தம்பியின் பெயரை இதில் எழுதாததற்குப் பாசக் குறைவு காரணம் அல்ல. அவன் நல்லவன், ஆனால் நாள் பார்ப்பான்."

கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்திருந்தால் எனக்கு இது அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த மூன்று நாள் மௌனமும் மிச்சமாகியிருக்கும். அங்கேயே நின்று அழுதேன். வெட்கப்படவில்லை.

என் மனைவிதான் பதில் சொல்ல வேண்டியவள். கோர்ட்டும் சட்டமும் நோட்டரி முத்திரையும் அவளுக்குக் கொடுத்த அதிகாரம் அது. அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அமாவாசை போகட்டும் என்ற வார்த்தை எனக்குத் தொண்டை வரை வந்தது. பழக்கம். அதை விழுங்கினேன்.

"இன்னைக்கே போவோம்" என்றேன். "இப்பவே."

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். ஸ்ட்ரெச்சரை நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். லிஃப்ட்டுக்கு முன்னால் இருந்த பெஞ்சுகளில் டிஸ்சார்ஜ் ஆனவர்கள் பையும் பிளாஸ்குமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை வரை ராகு காலம், முடியட்டும் என்று காத்திருந்தார்கள். நானும் எத்தனையோ தடவை அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்தது. லிஃப்ட் காலியாக இருந்தது. அக்கா சொன்னது சரிதான், கூட்டமே இல்லை.

வாய்க்கால் பக்கத்து அறையில் அவள் ஒன்பது நாள் இருந்தாள். டாக்டர் பெண் எழுதிக் கொடுத்த மருந்தை என் மனைவி வேளை தவறாமல் கொடுத்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் காலண்டரில் தேதி கிழிக்கவில்லை. அக்காவின் வலது கை போர்வைமேல் அவ்வப்போது நகரும், ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இனிஷியல் போடுகிற மாதிரி. அது எங்கே போனாலும் போகட்டும் என்று விட்டிருந்தோம். ஒரு தடவை அது என் முழங்கையைத் தேடி வந்து அங்கேயே வெகு நேரம் இருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.